குளிகையில் கிளம்பக் கூடாது

என் வீட்டுக்காரர் சரவணக்குமார் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு முடிவோடு இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"செவந்தி, நாளைக்கு எமகண்டம் முடிஞ்சதும் ஒன்னு முப்பத்தொன்னுக்குக் கெளம்பிருவேன். பட்டறையில அவசர வேலை. யாரும் மறிக்கப்படாது."

மறிக்கிறதுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் பத்து மாதக் கைக்குழந்தை கலைமதியும்தான். அவள் அப்பா மீசையைப் பார்த்ததுமே வீறிட்டு அழுதாள். எனக்கு அவர் முன்னால் பேச்சு வராது. கல்யாணமாகி மூன்று வருசம் ஆகியும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் முதலில் அடுப்பிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அவருக்குத் திருச்சியில் லேத்துப் பட்டறையில் வேலை. பட்டறை சாத்த ராத்திரி ஒன்பது ஆகிவிடும். கீரனூர் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிற கடைசி பஸ் எட்டரைக்கே போய்விடும். அதனால் வாரம் பூரா அங்கேயே கூட்டாளிகளோடு ரூமில் தங்கல். சனிக்கிழமை மட்டும் பட்டறையைச் சீக்கிரம் சாத்துவதால் ராத்திரி வருவார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் போய்விடுவார்.

பிள்ளைக்கு ஒரு கணக்கு உண்டு. சனி ராத்திரி அப்பாவைப் பார்த்து அலறுவாள். ஞாயிறு காலையில் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். மத்தியானம் அவர் நீட்டுகிற பிஸ்கட்டை வாங்கிக்கொள்வாள், ஆனால் கிட்டே போக மாட்டாள். சாயங்காலம் ஆனால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்கு அவர் ஒரு வாரமும் இருந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து அலறல். திங்கள் விடியக்காலை அஞ்சேகால் பஸ்ஸில் போனாலும் பட்டறைக்குப் போய்ச் சேரலாம். கேட்டால், உட்கார சீட்டு கிடைக்காது என்பார். சீட்டுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஆள் என்று நான் பார்த்தது இவரைத்தான்.

ஞாயிறு காலை குழாயடியில் நின்றேன். பக்கத்து வீட்டு அமராவதி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார்.

"இங்கிட்டு வா. ஒன் புருசன் கொல்லையில ரகசியம் பேசுறாரு. வந்து கேளு."

லேத்து ஓடுகிற இடத்தில் நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் பேசினால் எங்கள் தெருவுக்கு மைக் செட் வேண்டாம். போனில் அறிவுச்செல்வனோடு பேசிக்கொண்டிருந்தார். அறிவுச்செல்வன் ரூம் கூட்டாளி. ரூமுக்குப் புதிதாகப் பெரிய டிவி வாங்கியிருக்கிறார்களாம். மூன்றரைக்கு மேட்ச்சாம். பிரியாணியை அண்டாவில் போடுங்கள், மூன்று மணிக்கெல்லாம் வந்து குந்திவிடுவேன் என்றார். அவசர வேலை எதுவென்று எனக்கு விளங்கிவிட்டது.

கண் கலங்கிவிட்டது. அமராவதி அக்கா அதைப் பார்த்துவிட்டார். "அழுது என்னாகப் போவுது? எங்க வீட்டுச் சேவல் ஒன்னு இருக்கு. எடுத்துக்க," என்றார்.

அந்தச் சேவலை எனக்குத் தெரியும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த அன்றைக்கே அது எங்கள் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. அப்போதே அதற்கு நடை தளர்ந்திருந்தது.

நாட்டுச் சேவல் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவரே உரித்தார், மஞ்சள் தடவினார், நெருப்பில் வாட்டினார். குக்கரை எடுத்தேன். "குக்கர்ல வச்சா ருசி போயிரும். மண்சட்டியில வையி," என்று அவரே சொன்னார். நான் சொல்லவே இல்லை. சரிங்க என்று குக்கரை உள்ளே வைத்துவிட்டேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு நேரம் காலம் பார்க்காமல் முடிவெட்டக்கூடக் கிளம்ப வராது. ஒரு தரம் ராகு காலத்தில் கிளம்பி, தூக்கக் கலக்கத்தில் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, திருச்சி எங்கே திருச்சி எங்கே என்று கண்டக்டரைக் கேட்டாராம். தூங்கினது அவர். பழி ராகுவுக்கு.

ஒரு மணிக்குச் சட்டியைத் திறந்து பார்த்தார். கரண்டியால் அமுக்கினார். சேவல் கரண்டியைத் திருப்பி அமுக்கியது.

"என்ன புள்ள, இன்னும் வேகலையா?"

"வயசான உசுருங்க. மெதுவாத்தான் வேகும்."

ஒன்று முப்பத்தொன்று ஆயிற்று. ரோட்டில் ஒரு திருச்சி பஸ் போயிற்று. எங்கள் வீடு ரோட்டோரம்தான். போகிற பஸ்ஸை, பொண்ணு பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லப்பட்ட மாப்பிள்ளை மாதிரி பார்த்தார். சாப்பிடாமல் கிளம்பலாமா என்று ஒரு கால் வாசலுக்குப் போயிற்று. சட்டியில் மிளகு வாசம் கிளம்பியதும் அந்தக் கால் திரும்பி வந்துவிட்டது. இரண்டு பஸ் போனது. இரண்டேகாலுக்குச் சேவல் மனம் இறங்கியது. அவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மென்று முடித்துக் கை கழுவி நிமிர்ந்தபோது மணி மூன்று ஐந்து.

சட்டையை மாட்டினார். காலண்டர் பக்கம் போனார். மூன்றிலிருந்து நாலரை குளிகை.

"குளிகை நல்ல நேரந்தான். நகை எடுக்கலாம், பேங்க்கில போடலாம். கெளம்புறேன்."

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பிடம் காலையிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"குளிகைல செஞ்சா அந்தக் காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்னுதானே நகை எடுக்குறாங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இப்ப நீங்க செய்யப்போற காரியம் எங்களை விட்டுட்டுப் போறது. வாராவாரம் நடக்குதே, பத்தலீங்களா?"

அவ்வளவுதான் சொன்னேன். மூன்று வருசத்தில் நான் அவரிடம் பேசின பெரிய பேச்சு அதுதான். அவர் என்னைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

"நாலரைக்கு மேல போறேன்," என்றார்.

"நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுருமேங்க. ஆறு வரைக்கும்."

அவர் டிவியைப் போட்டார். எங்கள் கேபிளில் மேட்ச் வராது. நியூஸ் சேனலில் அடியில் ஓடுகிற எழுத்தில் ஸ்கோர் வரும். தங்கம் விலை, காய்கறி விலை, ஒரு கட்சிக்காரர் அறிக்கை, எந்தெந்த மாவட்டத்தில் மழை, அதற்கப்புறம் ஸ்கோர் ஒரு வரி. கண்ணை இமைத்தால் போயிற்று. மறுபடி தங்கத்திலிருந்து காத்திருக்க வேண்டும். பெரிய டிவியில் பார்க்க வேண்டிய மேட்ச்சை ஒரு விரல் அகலத்தில் பார்த்தார் மனுசன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு டம்ளர் டீ கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன்.

நாலரைக்கு வானம் கருத்தது. தூங்கி எழுந்த கலைமதி பாயில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். அழவில்லை. ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தபோது பிள்ளை என்னைத் தேடுவாள் என்று கையை நீட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தவழ்ந்து போய் அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள்.

அவர் மூச்சுக்கூட விடவில்லை. டிவியில் மழை நிலவரம் முடிந்து ஸ்கோர் ஓடியது. அவர் பார்க்கவில்லை. தங்கம் வந்தது, காய்கறி வந்தது, மறுபடி ஸ்கோர் வந்தது. அதையும் பார்க்கவில்லை. பிள்ளை மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வலித்திருக்கும். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியினால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் பாத்திரம் தேய்க்கும்போது இப்படி நடக்காதா என்று நான் நினைத்து நினைத்துப் பார்த்தது இதைத்தான். நேரில் பார்த்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்தது. மழையும் சொல்லி வைத்த மாதிரி நின்றது. கலைமதி அவர் நெஞ்சில் படுத்து, சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தாள். ஒரு திருச்சி பஸ் போயிற்று. அவர் தலை திரும்பவில்லை. நானும் நேரத்தைச் சொல்லவில்லை.

ஆறரைக்கு அறிவுச்செல்வன் போன் பண்ணினார். எங்கேடா இருக்கிறாய், உன் பங்கு பிரியாணி ஆறிப்போச்சு என்று கேட்டது எனக்கே கேட்டது.

"மழைடா. கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஒரு பஸ்ஸும் வரல," என்றார் என் வீட்டுக்காரர்.

சரி, காலையில் முதல் பஸ்ஸுக்காவது வந்துவிடுவாயா என்று அறிவுச்செல்வன் கேட்டார்.

இவர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்கடா, காலையிலயும் மழை விடாதுங்குறாங்க."

வெளியே அமராவதி அக்கா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.