உண்மை விரும்பியின் மறைவு

“ஒரு வாசகர் கடிதம்கூடவா வரலை?”

இதழாசிரியர் தபால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு பல்லி விழுந்தது.

பக்கத்தில் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் விளம்பர அலுவலர் கைகட்டி நின்றார். காலையில்தான் துணைவேந்தரிடமிருந்து ஓலை வந்திருந்தது. வரலாற்று ஆய்விதழை யாராவது படிக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இதழோடு மூடுவிழா.

அலுவலரும் செய்யாத விளம்பரம் இல்லை. புத்தகக் கண்காட்சியில் கடைகூடப் போட்டுப் பார்த்தார். இதழாசிரியர் எழுதிய ‘கோட்டை மணியும் நகர வாழ்வும்’ என்ற எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வு நூலை ஒரே ஒருவர் தூக்கிப் பார்த்து, “இதும்மேல கொஞ்சம் உக்காந்துக்கலாமா?” என்று கேட்டார். அதோடு சரி.

அன்று மாலை அலுவலர் வீட்டில் புலம்பினார். கணக்கு டீச்சரான மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“ஒரு கடிதம்தானே? நீங்களே எழுதிப் போடுங்க.”

“என் கையெழுத்து இதழாசிரியருக்குத் தெரியுமே!”

“சொல்லுங்க, நான் எழுதறேன்.”

அப்படிப் பிறந்தவர்தான் ‘உண்மை விரும்பி’. கோட்டை மணி அந்தக் காலத்தில் மாலையில் ஏழு முறை அடித்ததாக இதழில் வந்த இதழாசிரியரின் கட்டுரை சொல்கிறதே, எட்டு முறை இல்லையோ என்று பணிவோடு கேட்டிருந்தார். எட்டு என்பது மனைவி போட்ட கணக்கு. “ஏழு ஒத்தைப்படையா இருக்கு, எட்டுன்னு வைங்க” என்றாள்.

கடிதத்தைப் பார்த்த இதழாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே படித்தார். “வாசகர்யா! உயிரோட ஒரு வாசகர்!” என்று கட்டம் கட்டி வெளியிட்டார்.

அங்கேயே நின்றிருக்கலாம். அடுத்த இதழில் ‘சான்று தேடி’ என்ற புனைபெயரில் ஒருவர் பாய்ந்தார். “உண்மை விரும்பி உண்மையை விரும்பினால் மட்டும் போதாது; கொஞ்சம் படிக்கவும் வேண்டும்.”

அலுவலருக்குச் சுருக்கென்றது.

“என்னைப் பாத்து படிக்காதவன்னு சொல்லிட்டான்!”

“நீங்க படிச்சீங்களா?” என்றாள் மனைவி.

படிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த நூலை விற்றுக்கொண்டிருந்தாரே தவிர, அட்டையைத் தாண்டியதில்லை. ரோஷத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அடிக்குறிப்பு விடாமல் படித்தார். குளிக்கும்போது மட்டும் மூடி வைத்தார். முன்னூற்று ஆறாம் பக்கத்திலேயே எட்டாவது மணிக்கு ஆதாரம் இருந்தது. நாலு பக்கத்துக்குப் பதில் போட்டார். சான்று தேடி எட்டுப் பக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். இவர் பதினாறு.

இதழ் உப்பிக்கொண்டே போயிற்று. துணைவேந்தருக்கோ ஒரே பூரிப்பு.

“இவ்வளவு பெரிய அறிஞர்களை இப்படிக் கடிதத்துல மோத விடலாமா? அடுத்த வாரம் பெரிய அரங்கத்துல நேருக்கு நேர் விவாதம் வைங்க!”

அலுவலர் வியர்த்து வழிய வீடு வந்து சேர்ந்தார்.

“உண்மை விரும்பி வெளிநாடு போயிட்டார்னு சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“திரையில வந்து பேசச் சொல்லுவாங்க.”

“தொண்டை கட்டிக்கிச்சுன்னு…”

“எழுதிக் காட்டச் சொல்லுவாங்க. துணைவேந்தர் விடமாட்டார்டி!”

மனைவி ஒரு விடைத்தாளில் பெரிய முட்டையாகப் போட்டாள். “அப்போ செத்துட்டார்னு எழுதுங்க. அதுக்கு மேல யாரும் கூப்பிட முடியாது.”

மறுநாள் உண்மை விரும்பியின் மைத்துனர் என்ற பெயரில் துக்கச் செய்தி போயிற்று. விவாதம் ரத்தாகும் என்று அலுவலர் நிம்மதியாகக் காலை நீட்டினார். ரத்தாகவில்லை, இரங்கல் கூட்டமாக மாறியது. “படம் வேணும், எப்படியாவது தேடிப் பிடிங்க” என்று அவரிடமே வேலையைக் கொடுத்தார் இதழாசிரியர்.

கடற்கரையில் குடை பிடித்தபடி அலுவலர் முதுகு காட்டி நிற்கும் பழைய படம் ஒன்று அகப்பட்டது. அதைப் பெரிதாக்கி மேடையில் வைத்தார்கள்.

“எவ்வளவு அடக்கம்! முகத்தைக்கூடக் காட்டலியே மனுஷன்” என்று துணைவேந்தர் உருகினார். அதே வேகத்தில், இதழை ஒருநாளும் நிறுத்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். கூட்டத்திலிருந்த பதினோரு பேரும் கை தட்டினார்கள்.

இதழாசிரியர் மைக்கைப் பிடித்தார். குரல் உடைந்தது.

“என் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவர் அவர் ஒருத்தர்தான். அவர் போன பிறகு ஒத்துக்கறேன். கோட்டை மணி எட்டுத் தடவைதான் அடிச்சது!”

ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷமும், அதைப் பார்க்க உயிரோடு இல்லையே என்ற துக்கமும் சேர்ந்து அலுவலருக்கு நெஞ்சை அடைத்தன. கர்ச்சீப்பை எடுத்தார். நிஜமாகவே அழுதார்.

மேடையில் சான்று தேடிக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. “அவர் எங்கே?” என்று துணைவேந்தர் கேட்டதும் இதழாசிரியருக்குப் பலமாக இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார்.

அலுவலருக்கு ஆத்திரம் பொங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, இதழுக்குத் தட்டச்சு செய்யும் அம்மாள். அவரிடம் குமுறினார்.

“பாத்தீங்களா? ஒரு வருஷம் அந்த நல்ல மனுஷனை வறுத்தெடுத்துட்டு, சாவுக்குக்கூட எட்டிப் பாக்கலை! என்ன ஜென்மமோ!”

அம்மாள் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“அவர் எங்க சார் புதுசா வர்றது? சான்று தேடி கடிதம் ஒவ்வொண்ணும் நம்ம இதழாசிரியர் கையெழுத்துலதானே எனக்கு டைப்படிக்க வந்துச்சு!”