பதினைந்துக்கு ஒன்று

"சும்மா ஒரு திருப்பு, அவ்வளவுதான். பாத்துட்டே இருங்க" என்று எதிர்வீட்டுத் தையற்காரரிடம் சொல்லிவிட்டு, வேதியியல் வாத்தியார் காரின் சாவியைத் திருப்பினார்.

ர்ர்ர்ர் என்று இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. வண்டி ஏதோ விளையாட்டுக் காட்டுகிறது என்பதுபோல் வாத்தியார் சிரித்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் ர்ர்ர்ர்.

மணி ஆறே முக்கால். ஏழரைக்கு மனைவி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறாள். அவள் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. அந்த நாலு நாளும் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் வாத்தியார் காரை வெளியே எடுக்கவே இல்லை. முந்தின நாள் ஃபோனிலாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நான் ஆட்டோவுல வந்துக்கறேன். அந்த டப்பாவ நம்பி நடு ரோட்டுல நிக்க என்னால முடியாது" என்றாள் மனைவி.

"டப்பாவா? பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது காலையில மக்கர் பண்ணியிருக்கா?"

"அத வித்துத் தொலைங்கன்னு நானும் எத்தனை வருஷமா சொல்றேன்!"

"நாளைக்கு ஏழரைக்கு நான் வண்டியோட வந்து நிக்கலேன்னா, நானே இரும்புக் கடைக்குப் போட்டுடறேன். போதுமா?"

"சொன்ன சொல்லு மாறக்கூடாது" என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்தக் காரென்றால் வாத்தியாருக்கு உயிர். வகுப்பில் எரிதல் பாடம் வந்தால் அதுதான் உதாரணம். "காத்து பதினஞ்சு பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு. என் கார்புரேட்டர்ல கலவைய நானே என் கையால வச்சேன். அதனாலதான் எவ்வளவு குளிர்லயும் என் வண்டிக்கு சோக் இழுக்க வேண்டியதில்ல." பதினோரு வருஷத்தில் சோக் பிடியை அவர் தொட்டதே கிடையாது. ஆசிரியர்கள் அறையில் இது அடிக்கடி பெருமையாகப் பேசப்பட்டது. பேசியவர் அவர் ஒருவர்தான்.

"குளிரு சார்" என்றார் தையற்காரர். டெலிவரிக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்று அவர் கையில் ஹேங்கரில் தொங்கியது. "பெட்ரோல் ஆவியாகல. சோக்க இழுங்க. காத்து கொறஞ்சா பெட்ரோல் கூடும்."

"எனக்கே பாடமா?" என்றாலும் வாத்தியார் இழுத்தார். கொஞ்சமாக இல்லை, கடைசி வரைக்கும். போதாததற்கு ஆக்சிலேட்டரையும் பத்துத் தடவை மிதித்தார். தெரு முழுக்க பெட்ரோல் வாடை.

"இப்போ பதினஞ்சுக்கு ஒண்ணு இல்ல சார், ஒண்ணுக்குப் பதினஞ்சு" என்று தையற்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வாத்தியார் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றினார். நாலும் நனைந்திருந்தன. துணியால் துடைத்து, சமையலறைக்கு ஓடி, மனைவியின் வாணலியில் போட்டு வறுத்தெடுத்துக்கொண்டு வந்தார். அவசரத்தில் பிளக் வயர் இரண்டை இடம் மாற்றிச் செருகிவிட்டார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுதானே!

சாவியைத் திருப்பியதும் "டமார்!"

புகை விலகியபோது தையற்காரர் காரின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை.

"சார், இத இனிமே நீங்கதான் போட்டுக்கணும்" என்றார். ஆனாலும் அவர் கிளம்பவில்லை. இப்படி ஒரு வேடிக்கையை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

வயர்களைச் சரி செய்தாயிற்று. மிச்சமிருந்தது கலவை ஸ்க்ரூ. பதினோரு வருஷமாகத் தொடாத ஸ்க்ரூ. திருப்புளியை வைத்து வாத்தியார் சுற்றுகளை எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு... ஒண்ணரை... ரெண்டு..."

"சார், உங்க காலர் அளவு எத்தனை?"

"பதினஞ்சரை" என்றார் வாத்தியார். "பதினாறு... பதினாறரை..."

ஸ்க்ரூ எந்தச் சுற்றில் நின்றது என்பது அதற்கப்புறம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். குத்துமதிப்பாக ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மனைவி இறங்கினாள். திறந்து கிடந்த பானட்டைப் பார்த்தாள். கரி அப்பிய கணவன் முகத்தைப் பார்த்தாள். தையற்காரர் சட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இரும்புக் கடைக்காரருக்குச் சொல்லிடு" என்றார் வாத்தியார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்ன சொல்லு சொல்லுதான்."

"அழறீங்களா?"

"பெட்ரோல் நெடி."

அவள் பையைத் திண்ணையில் வைத்தாள். "மொதல்ல போய் மூஞ்சியக் கழுவுங்க. பாக்கச் சகிக்கல."

வாத்தியார் உள்ளே போனார். ஒரு சோப்பு பாதியாகியும் கரி போகவில்லை. மூன்றாம் தடவை நுரை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. நுரையோடு வெளியே ஓடினார்.

ஓட்டுநர் இருக்கையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணினே?"

"என்னத்தப் பண்ணினேன்? சாவி இருந்துச்சு, திருப்பினேன்."

வாத்தியார் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா? ஸ்க்ரூ! நான் வச்ச ஸ்க்ரூ! பதினஞ்சுக்கு ஒண்ணு, கரெக்டா வந்து உக்காந்துடுச்சு! இந்த வண்டியப் போயி இரும்புக் கடைக்குப் போடச் சொன்னியே!" தையற்காரரைக் கட்டிப் பிடித்தார். சட்டையில் மிச்சமிருந்த வெள்ளையும் போயிற்று.

"சரி, சரி. எல்லாம் உங்க கலவைதான்" என்றாள் மனைவி. "கடையெல்லாம் வேணாம். வண்டி இருந்துட்டுப் போகட்டும்."

தெருக்கோடிவரை பால் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பால்காரர், இன்ஜின் சத்தம் கேட்டு சைக்கிளை நிறுத்தினார்.

"வந்துட்டீங்களாம்மா? சார் பாத்ரூம்ல பாட ஆரம்பிச்சதும் நீங்க ஓடி வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வச்சுட்டுப் போவீங்களே, நாலு நாளா வெறும் பாட்டு மட்டும்தான் கேக்குதேன்னு பாத்தேன்!"