எண்பத்தொன்றாம் பக்கம்

எண்பதாம் பக்கத்தில் தனியாக லிஃப்டுக்குள் ஏறிய கதாநாயகன், அடுத்த பக்கத்தில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் நின்றுகொண்டிருந்தான்.

லிஃப்ட் மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூற்றேழு. நடுவில் பதினாறு பக்கங்களைக் காணோம். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோகும் அத்தியாயம் அது. அவர் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய நாவலின் உயிரே அதுதான். சாயங்காலம் நூலகக் கூட்டத்தில் அதைத்தான் வாசிக்கப் போகிறார்.

புத்தகம் வந்து ஒரு மாதமாகிறது. முகர்ந்து பார்த்திருக்கிறார். அட்டையைத் துடைத்திருக்கிறார். பின்னட்டையில் இருக்கும் தன் படத்தைத் தினமும் நலம் விசாரித்திருக்கிறார். ஷோகேஸில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அச்சகத்துக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒரே கட்டாக வந்தவை முப்பத்தொரு பிரதிகள். மற்ற முப்பதும் சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் இருக்கின்றன. அத்தனை பேரும் ஆகா ஓகோ என்றார்களே! பக்கம் குறைகிறதென்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே?

அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்த லிஃப்ட் நின்னு போற இடம் எப்படிக்கா இருந்துச்சு?"

"ஐயோ, அதை ஏன்டா கேக்குற! அடுப்புல பாலை வச்சுட்டு அழுதுக்கிட்டே படிச்சேன். பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியலை."

இல்லாத பக்கத்துக்குப் பால் வேறு வீண்.

மைத்துனன் யாரையும் லேசில் பாராட்டாதவன். அவனாவது உண்மையைச் சொல்வான் என்று அவனைக் கேட்டார்.

"அந்த இடம் மட்டும் கொஞ்சம் இழுவை மாமா. பாதியாக் குறைச்சிருக்கலாம்."

பூஜ்யத்தில் பாதி எவ்வளவு என்று யோசித்தபடி போனை வைத்தார். கூட வேலை பார்க்கும், 'ஸ்பேனர்' என்று பட்டப்பெயர் கொண்ட பையனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அதை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன்!"

ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிருந்த மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் சொன்ன விமர்சனமே இரண்டு வார்த்தைதான்: "நல்லா இருக்கு." அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஒரு மாதமாக நிமிர்ந்து நடக்கிறார். அதுவும் பொய்யாகிவிட்டால் தாங்காது.

வாசகர்கள் முப்பது பேரையும் சேர்த்து அவரே ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் ஆத்திரத்தோடு தட்டிவிட்டார்: "புத்தகத்தில் இல்லாத பக்கங்களைப் படித்துக் கண்ணீர் விட்டவர்களுக்கு நன்றி. புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடவும்."

அரைமணி நேரத்தில் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அக்கா புத்தகத்தை மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

"இந்தாடா உன் புஸ்தகம்! நான் அழுததும் பொய்யா?"

"ஒரே ஒரு குறை சொன்னதுக்கு இவ்வளவு கோபமா மாமா?" என்றான் மைத்துனன்.

"பொய் இல்லையா? இருங்க, திறந்து காட்டுறேன்!"

கையை நீட்டும்போது போன் அடித்தது. அச்சகத்து பைண்டர். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னய்யா பைண்டிங் பண்ணியிருக்கீங்க? முப்பத்தொரு காப்பியிலயும் பதினாறு பக்கம் காணோம்!"

"முப்பத்தொண்ணா? சார், முப்பதை உங்க வீட்டம்மா புஸ்தகம் வந்த மறுநாளே ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்துட்டாங்களே! அன்னைக்கே முழுசாப் படிச்சுட்டாங்களாம். நான் ஒவ்வொண்ணாப் பக்கத்தைச் சேர்க்கிற வரைக்கும் நகரலை. ரொம்ப சந்தோஷமா இருக்கார், அவர்கிட்ட சொல்லாதீங்கன்னாங்க."

அக்கா மெதுவாகப் புத்தகத்தைத் திறந்தாள். எண்பத்தொன்றாம் பக்கம் இருந்தது. அதன்மேல் காய்ந்துபோன பால்கறையும் இருந்தது.

அந்தக் கறையை மெக்கானிக் தடவிப் பார்த்தார். எந்தப் பரிசு வாங்கினாலும் இவ்வளவு பெருமையாக இருந்திருக்காது என்று தோன்றியது. போன் பக்கம் திரும்பினார்.

"அப்போ என் காப்பியை மட்டும் ஏன்யா விட்டீங்க?"

"அது ஷோகேஸ்ல பூட்டியிருக்கு, சாவி அவர்கிட்டன்னாங்க சார். பரவாயில்லை, எல்லாரும் படிச்சுடுவாங்க, இந்தப் புஸ்தகத்தைப் படிக்காம இருக்கப்போற ஒரே ஆளு அவர்தான்னு சொன்னாங்க!"