சங்கத்தில் சேர்ந்த பொன்னுசாமி

நான் பயந்தாங்கொள்ளி என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மக்குப் பயந்தாங்கொள்ளி என்பதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

அப்போது நியூ ஜெர்சியில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. படிப்போடு வாரத்துக்கு இருபது மணி நேரம் பாடம் நடத்தும் வேலை. (இருபது என்பது காகிதத்தில்.) காய்ச்சலுக்கு லீவு கேட்டால், "உங்களுக்குப் பதில் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் படுங்கள்" என்றார்கள். பொறுக்க முடியாமல் மாணவர்கள் தொழிற்சங்கம் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். என் அறைத்தோழி மரியா அதை என்னிடமும் கையெழுத்துக்கு நீட்டினாள்.

பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் இருந்துகொண்டு சனிக்கிழமைதோறும் எனக்குச் சோறு போடும் சுந்தரம் அங்கிளிடம் யோசனை கேட்டேன். (கேட்டிருக்கவே கூடாது.)

"யூனியனா? நீ ஸ்டூடண்ட் விசால வந்திருக்கம்மா! சைன் பண்ணினா விசா கேன்சல். அடுத்த ஃப்ளைட்ல ஊருக்குப் பார்சல்!"

அங்கிள் மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். விசாச் சட்டத்தை எங்கே படித்தார் என்று கேட்கும் புத்தி எனக்கு வரவில்லை. பாதிப் படிப்போடு ஊர் திரும்புவதை நினைத்து, மூன்று வாரம் மரியாவைக் கண்டாலே பாத்ரூமுக்குள் புகுந்துகொண்டேன். கடைசியில் அவள் என்னைக் கூட்டத்துக்கே இழுத்துப் போனாள். விசாவில் இருப்பவர்களுக்கும் சங்கத்தில் சேர மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு, சேர்ந்ததற்காக விசா போகாது என்று அங்கே ஒரு வக்கீலம்மா மூன்று முறை விளக்கினார். மூன்று முறையும் கேட்டவள் நான்தான்.

புரிந்தது, பயம்தான் போகவில்லை. அதனால் என் மூளையை உபயோகித்தேன். கடிதத்தில் கவிதா என்று எழுதாமல், அப்பா பெயரான 'பொன்னுசாமி'யை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

எல்லோருக்கும் தெரிந்தது! அமெரிக்காவில் அப்பா பெயர்தானே நம் குடும்பப் பெயர்? என் அடையாள அட்டை, ஈமெயில், அறைக் கதவு எல்லாவற்றிலும் பொன்னுசாமி. என் மாணவர்களுக்கு நான் 'மிஸ் பொன்னுசாமி'. மறுவாரம் சங்கத்தின் செய்தி மடலில், அந்தக் கூட்டத்தில் வாய் நிறையப் பீட்சாவோடு நின்ற என் படம். மேலே கொட்டை எழுத்தில், "உரிமைக்குக் குரல் கொடுக்கிறார் பொன்னுசாமி."

அங்கிள் அதைச் சுடச்சுட அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். (எங்கிருந்துதான் வருகிறார்களோ இந்த அங்கிள்கள்!) அப்பா கோவையில் ஒரு மில்லில் பர்சனல் மேனேஜராக இருந்து, முப்பது வருடம் சங்கக்காரர்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். உடனே போன் வந்தது.

"ஏங்கண்ணு, நான் எப்போ யூனியன்ல சேர்ந்தேன்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சேர்றதுக்கு உனக்கு உரிமை இருக்குதா, இல்லியா?"

"இருக்குதுங்கப்பா."

"அப்புறமென்ன? எங்கூடச் சண்டைக்கு வந்தவன் அத்தன பேரும் அவனவன் பேர்லதான் கையெழுத்துப் போட்டான் கண்ணு. அப்பன் பேர்ல ஒருத்தனும் போடல."

மறுநாளே உறுப்பினர் படிவத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மானம்தான் போயிற்று. இன்றும் வீட்டில் எனக்குக் காபி குடிக்கத் தோன்றி, நான் நாசூக்காக, "யாருக்காவது காபி வேணுமா?" என்று ஆரம்பித்தால் போதும், என் கணவர் கேட்பார்:

"காபி கேக்கறது கவிதாவா, பொன்னுசாமியா?"