ஃபெர்னுக்குப் பத்தியம்

ஃபெர்ன் பஞ்சுக் குச்சியைக் கடித்து இரண்டாக்கிவிட்டது. பாதி நெவில் கையில் இருந்தது. மீதி எங்கே போனது என்பது ஃபெர்னுக்குத்தான் தெரியும்.

"கன்னத்துக்குள்ள லேசாத் தேய்க்கணும்னுதான் சொன்னாங்க. நீ கொழாய் அடைப்பு எடுக்கற மாதிரி குத்தினா அது கடிக்காம என்ன செய்யும்?" என்றாள் அவர் மனைவி க்ளெண்டா.

நெவில் டாட்ஸுக்குக் குழாய் வேலைதான் தொழில். எங்கள் ஊர் பெட்லிங்டனில் பாதி வீடுகளின் தாமிரக் குழாய்கள் அவர் கைபட்டவை. எந்த அடைப்பையும் எடுத்துவிடுகிற அந்தக் கைக்கு ஒரு சின்ன நாயின் வாயைத் திறக்கத் தெரியவில்லை. கடைசியில் க்ளெண்டாதான் ஃபெர்னை மடியில் போட்டு, ஏதோ பேச்சுக் கொடுத்து, மிச்சமிருந்த குச்சியால் சோதனைக்கு எச்சிலை எடுத்துத் தந்தாள்.

எங்கள் ஊர்ப் பேர்தான் அந்த நாய் இனத்துக்கும் பேர். பார்த்தால் ஆட்டுக்குட்டி, எலியைக் கண்டால் புலி. அதற்கு ஒரு குடும்பச் சாபம் உண்டு. சாப்பாட்டில் இருக்கிற தாமிரத்தை உடம்பு வெளியே தள்ளாமல் ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். ஒருநாள் ஈரல் கையை விரித்துவிடும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கெட்ட மரபணு வந்தால்தான் இந்த ஆபத்து. அதனால் குட்டிக்கு விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது ஊர் வழக்கம். ஃபெர்னை நெவிலுக்கு விற்ற ஹெஸ்லப், தான் புதிதாக வாங்கிய ஆண் நாயோடு அதைச் சேர்க்கச் சம்மதித்திருந்தார். சோதனை முடிவு வரட்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

முடிவு வந்துவிட்டது என்று நாய் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோது நெவில் யார் வீட்டிலோ பாத்திரத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். க்ளெண்டா போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவர் வீடு திரும்பியபோது அவள் கண் சிவந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் கெட்டதாம், நெவில்."

நெவில் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஃபெர்ன் ஓடிவந்து அவர் கால் நடுவே தலையை வைத்துக்கொண்டது. பிள்ளை இல்லாத வீடு அது. அந்த நாய்தான் பிள்ளை என்று அவர் வாயால் சொன்னதில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். அது பிழைக்க என்ன வழி என்று கேட்டார்.

பத்தியம்தான் வழி என்றாள் க்ளெண்டா. ஈரல் கூடாது. இறால், காளான், கொட்டை வகை, சாக்லேட் எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, முட்டை, தோலுரித்த கோழி, வேகவைத்த மீன் இவைதான். ஒழுங்காக இருந்தால் பல வருஷம் நன்றாக இருக்கும்.

நாய்க்குப் பத்தியம் போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் நெவில் வீட்டில் அது குட்டியாக வந்த நாள் முதல் அவர் தட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். வெங்காயம் போட்டு வறுத்த ஈரலில், வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு, பாதி அதற்கு. வேனில் உட்கார்ந்து தின்னும், கறி அடைத்துச் சுட்ட பண்டத்தின் ஓரம் அதற்கு. சாயங்காலம் ஊர் கிளப்பில் பியர்க் கோப்பையின் கடைசி வாய்கூட அதற்குத்தான். இனி அது பார்த்துக்கொண்டிருக்க அவர் மட்டும் எப்படித் தின்பது?

முதலில் அவர் கண்டுபிடித்த வழி திருட்டுத் தீனி. ஊருக்கு வெளியே வேனை நிறுத்தி, ஈரல் வறுவலை முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஃபெர்ன் அவர் மீசையை முகர்ந்தது. குரைக்கவில்லை, கோபிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து யாரும் தன்னை அவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை என்று பிறகு கிளப்பில் சொன்னார்.

"இனிமே அது என்ன திங்குதோ, அதேதான் எனக்கும்," என்றார் க்ளெண்டாவிடம்.

"உன் இஷ்டம், கண்ணு," என்று அவள் கோழியை வேகவைக்கப் போனாள்.

தாமிரம் பற்றி க்ளெண்டாவுக்கு இவ்வளவு தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை. பியர் ஆகாது, அதைக் காய்ச்சுகிற அண்டாவே தாமிரம் என்றாள். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் ஆகாது, கடைக்காரன் சட்டி எந்தக் காலத்து உலோகமோ என்றாள். கேக்கில் சாக்லேட் இல்லையே என்று நெவில் வாதாடிப் பார்த்தார். வெண்ணெயில் இருந்தாலும் இருக்கும் என்றாள். காலமெல்லாம் தாமிரத்தையே வளைத்துப் பிழைத்தவருக்கு, உலகத்தில் அது இத்தனை இடத்தில் ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

தன் உடம்பு விஷயத்தில் நெவில் இப்படியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. ஃபெர்ன் தும்மினால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போன குளிர்காலத்தில் அவரையே டாக்டர் கூப்பிட்டனுப்பியபோது, போய்விட்டு வந்து, "வயசாகுதாம். இதச் சொல்ல ஒரு படிப்பு," என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு தட்டு கூடவே சாப்பிட்டார்.

பத்தியம் பழகி வந்த நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சாப்பாட்டில் தாமிரத்தை நிறுத்தியாயிற்று, தண்ணீர்? இரவெல்லாம் குழாயில் தேங்கி நிற்கிற தண்ணீரில் தாமிரம் கரையாதா? தன் வீட்டுக் குழாய் முழுவதும் தாமிரம், அதுவும் தானே போட்டது. புட்டியில் தண்ணீர் வாங்கி வைத்தாலே போதும் என்று க்ளெண்டா கெஞ்சினாள். சனிக்கிழமை காலை அவர் சுவரை உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் வீட்டில் தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறையின் உள்கூரையும் இல்லை. வருகிற வாரம் பிளாஸ்டிக் குழாய் போட்டுவிடலாம் என்றார். அந்த வருகிற வாரம் வந்தபாடில்லை, ஏனென்றால் ஊரார் வீட்டு வேலை காத்துக்கொண்டிருந்தது. க்ளெண்டா துண்டும் சோப்புமாகப் பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போய்வந்தாள். சேற்றுக் காலோடு உள்ளே வந்ததற்காக ஒருமுறை வாரக்கணக்கில் அவரோடு பேசாமல் இருந்தவள் அவள். இப்போது ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "நல்லதுக்குத்தானே," என்று மட்டும் சொன்னாளாம்.

நெவிலின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றிருந்தது. அதையெல்லாம் அவர் கவனிக்கவே இல்லை. அவர் கவலை முழுவதும் கோபமாக மாறி ஹெஸ்லப்பின் பக்கம் திரும்பியிருந்தது. முன்பெல்லாம் இரண்டு கோப்பை உள்ளே போனால் யாரையும் மன்னித்துவிடுவார். இப்போது கிளப்பில் வெறும் தண்ணீர். கோபம் தெளிவாக நின்றது. ஹெஸ்லப் நோய்க்குட்டியை விற்றுவிட்டார் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். ஹெஸ்லப்பிடம் குட்டி கேட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஹெஸ்லப் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். உள்கூரை பெயர்ந்த சமையலறையில் நின்று, தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

"தாய் சுத்தம், தகப்பன் சுத்தம். தலைமுறை தலைமுறையா சோதிச்சு வச்சிருக்கேன். உன் நாய்க்கு மட்டும் சீக்கு ஆகாசத்துல இருந்து குதிச்சுதாடா?"

"அப்ப ஆஸ்பத்திரி பொய் சொல்லுதா? இல்ல, எம் பொண்டாட்டி பொய் சொல்றாளா?"

க்ளெண்டா வாளித் தண்ணீரில் ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பை அது.

மறுபடி சோதித்துப் பார்ப்போம் என்றார் ஹெஸ்லப். தப்பு தன்மேல் என்றால் நாய் வளர்ப்பதையே விட்டுவிடுவதாகச் சொன்னார். நெவில்மேல் என்றால் அவர் கிளப்பில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். க்ளெண்டா, பாவம், வாயில் குச்சி விட்டால் அதற்குப் பிடிக்காதே என்று இழுத்தாள். சண்டைக்காரர்கள் இருவரும் அன்று ஒத்துப்போன ஒரே விஷயம், போயே ஆக வேண்டும் என்பதுதான்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் நெவில் ஃபெர்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் மோசமாயிருந்தா என்ன பண்றது, க்ளெண்டா? இது இல்லாத வீட்டுக்கு நான் எப்படி வருவேன்?"

க்ளெண்டா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். அதற்குள் ஹெஸ்லப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வரப் போகிறார்களா இல்லையா என்றார்.

முன்மேசையில் ஷெல்லி என்ற பெண் இருந்தாள். சோதனைக்கு வருகிற நாய்களின் முடிவைச் சொல்லி அனுப்புவது அவள் வேலை. நெவில் விஷயத்தைச் சொன்னார். ஃபெர்னின் ஈரல் நோயை மறுபடி சோதிக்க வேண்டும், இந்த மனிதர் நம்பமாட்டேன் என்கிறார் என்றார். ஷெல்லி கணினியைப் பார்த்தாள்.

"ஃபெர்னா? ரெண்டு பக்கமும் சுத்தமாச்சே. அன்னைக்கே சொல்லிட்டோமே."

ஹெஸ்லப் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். க்ளெண்டா சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெவில் ஃபெர்னைக் கீழே விடாமலே கேட்டார்.

"அப்ப யாருக்குத்தான் ஈரல் கெட்டிருக்கு?"

ஷெல்லி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, உடம்பு இளைத்திருப்பதைக் கண்டு மனசாரச் சிரித்தாள்.

"உங்களுக்குத்தான், மிஸ்டர் டாட்ஸ். டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்தத வீட்ல மறைச்சிட்டீங்களாமே? 'தனக்காகன்னா ஒருநாளும் பத்தியம் இருக்கமாட்டாரு, நாய்க்காகன்னா இருப்பாரு'ன்னு உங்க வீட்டம்மா இதே இடத்துல நின்னுதான் அழுதாங்க."