சோறு தொடாத சம்பந்தி

தட்டில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. டேவிட் ராஜ் மூன்றாவது முறையாக அதைச் சூசைமாணிக்கத்தின் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க சார். நெய் ஜாஸ்தின்னு பாக்குறீங்களா?"

நெய்யை டாக்டர் தடுக்கவில்லை. ரவையையும் சர்க்கரையையும்தான் தடுத்திருந்தார். மூன்று மாதமாகச் சூசைமாணிக்கம் சோறு, இட்லி, தோசை எதையும் தொடாமல் மீன், முட்டை, கீரை என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மகள் மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பார்த்ததில், சுகர் முந்நூறிலிருந்து நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது.

ஆனால் அதை இங்கே சொல்ல முடியாது. மகள் ஆரோக்கிய அனிதாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க, அவரும் மனைவி வியாகுலமேரியும் முதுநகரிலிருந்து அண்ணாமலை நகருக்கு, மாப்பிள்ளையின் அப்பா டேவிட் ராஜ் வீட்டுக்கு வந்திருந்தார்கள். போன மாதம் வந்த சம்பந்தம், 'அப்பாவுக்குச் சுகராம், பொண்ணுக்கும் வரும்' என்று கலைந்துபோயிருந்தது.

"நேர்ச்சை சார்" என்றார் சூசைமாணிக்கம். "மக கல்யாணம் முடிவாகிற வரைக்கும் இனிப்பு தொடறதில்லன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டு மூணு மாசம் ஆச்சு."

வியாகுலமேரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே இது புதுச் செய்தி.

"நல்ல விஷயம். அப்ப நேரா சாப்பாட்டுக்கே போயிடுவோம். பிரியாணி ரெடி."

"சோறும் நேர்ச்சைதான்."

"சப்பாத்தி போடச் சொல்லட்டுமா?"

"அதுவும் தொடறதில்ல."

"பின்ன என்னதான் சாப்புடுவீங்க?"

"கறி, மீனு, முட்டை."

டேவிட் ராஜ் யோசித்தார். பல்கலைக்கழக ஆபீசில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்தவர். எதையும் இரண்டு தடவை படிப்பார்.

"நேர்ச்சைன்னா கறியத்தான விடுவாங்க. நீங்க கறியத் தின்னுட்டு சோத்த விட்டிருக்கீங்க?"

"மாதா கறியத்தான் விடணும்னு சொல்லல சார். நமக்குப் புடிச்சத விடணும். எனக்குச் சோறுதான் உசுரு."

சோறுதான் உசுரு என்றதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்லும்போது அவர் குரலும் கம்மியது. டேவிட் ராஜ் உருகிப்போனார்.

"ஒரு தகப்பன் மூணு மாசம் சோறு திங்காம இருந்திருக்காரு. இனிமே என்ன பேச்சு இருக்குது? இப்பவே முடிவு பண்ணிடுவோம்."

மாப்பிள்ளை அமலனின் வேலை நிரந்தரமா என்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு தனிக்குடித்தனமா என்று கேட்க வேண்டும். வியாகுலமேரி பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவந்திருந்தாள். எதையும் கேட்பதற்குள் வெற்றிலைத் தட்டு கைமாறிவிட்டது.

"முடிவாயிடுச்சு சம்பந்தி. இப்ப வாயத் தொறங்க" என்று கேசரியை ஒரு ஸ்பூனில் அள்ளி நீட்டினார் டேவிட் ராஜ்.

சூசைமாணிக்கம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "முடிவுன்னா... தாலி ஏறுற வரைக்கும்னு அர்த்தம்."

"நாங்க சித்திரையில வெச்சுக்கலாம்னு இருந்தோம். அதுவரைக்கும் உங்கள இப்படி விட்டுட முடியுமா?" டேவிட் ராஜ் அப்போதே பங்குச் சாமியாருக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, "கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணுமாம். நாலாவது வாரம் கல்யாணம்" என்றார்.

வியாகுலமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நகை செய்யவில்லை. மண்டபம் பார்க்கவில்லை. அனிதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் பிரியாணி விழுவதற்குள் அமலன் கையை நீட்டித் தடுத்தான்.

"மாமா சாப்பிடாதப்ப நான் மட்டும் எப்படி? கல்யாணம் வரைக்கும் நானும் சோறு தொடல."

வியாகுலமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. சூசைமாணிக்கம் கடித்த முட்டையைத் திரும்ப இலையிலேயே வைத்துவிட்டார்.

ஊர் திரும்பும் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது.

"அந்தப் புள்ள நாலு வாரம் பட்டினி கெடக்கும்" என்றாள் வியாகுலமேரி. "உங்க வாய்க்கு வந்த பொய்யால."

"உண்மையச் சொன்னா கல்யாணம் நின்னுடும்டீ."

"பொய்யில நடந்தா மட்டும் நெலைக்குமா? போனப் போடுங்க."

ஆலப்பாக்கம் வரும் வரை அவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அமலனின் நம்பரை அழுத்தினார். எடுத்தது அவன் தங்கை ரீட்டா.

"அண்ணன் குளிக்குது அங்கிள். என்ன விஷயம்?"

"அவருகிட்ட சொல்லிடும்மா. சோறு நல்லாச் சாப்பிடச் சொல்லு. எனக்கு நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுகரும்மா. மறைச்சது தப்புத்தான். இதுக்கு மேல உங்க வீட்டுல என்ன முடிவு எடுத்தாலும் சரி."

ரீட்டா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணனுக்கும் சுகர்தான் அங்கிள், அதே டாக்டர்தான். மாசாமாசம் நீங்க டாக்டரப் பாக்க உள்ள போனதும், வெளிய உக்காந்து அண்ணனும் அனிதா அண்ணியும் பேசிப் பேசித்தான் இந்தச் சம்பந்தமே உங்க வீடு தேடி வந்துச்சு."