ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்ட துண்டு

பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டிலும் பஸ் சீட்டும் ஒன்றுதான், முதலில் துண்டு போட்டவனுக்கே அது சொந்தம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சிரிக்காதீர்கள். எழுபதுகளில் ஷிஃப்ட் விட்டு வந்து கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தால் நீங்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்.

அப்போதுதான் அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஆள் எடுத்த வேகத்துக்கு பஸ் விடவில்லை. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் போகிற பஸ் வளைவில் தலை காட்டும்போதே கூட்டம் பாயும். பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டு வீசியவனுக்கு சீட்டு. மற்றவனுக்குக் கம்பி. நான் ஒரு இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். என் வேலையைப் பற்றி மேஸ்திரி என்ன சொன்னார் என்பது வேறு கதை. ஆனால் துண்டு வீசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாவது ஜன்னல் என்று வாயால் சொல்லிவிட்டு மூன்றாவது ஜன்னலில் போடுவேன். அந்தத் துண்டை எடுத்துவிட்டு உட்கார எவனுக்கும் தைரியம் வராது. (அரசாங்கம் போட்ட சட்டத்தைவிட இந்தச் சட்டத்தைத்தான் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒழுங்காக மதித்தார்கள்.)

இப்படிப்பட்ட வீரனின் மனைவி சுலோச்சனா முதல் தடவை முழுகாமல் இருந்தாள்.

முதல் பிரசவம் பெண்ணின் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். என் மாமியார் வீடு தடாவில். ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான், ஆனால் ஆந்திரா. வளைகாப்பு முடிந்த கையோடு மாமியார் மூட்டையைக் கட்டச் சொன்னார். நான் மறித்தேன்.

"ஆந்திராவுல பொறந்தா கொழந்தை தெலுங்குல அழுமே அத்தை. நான் எப்படி சமாதானம் பண்றது?"

"அழுகைக்கு இன்னா நைனா பாஷை?" என்றார் மாமியார். சொல்லிவிட்டு, இந்த மாப்பிள்ளையோடு பேசிப் பயனில்லை என்று தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

சுலோச்சனா ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ப தெருக்கோடியில ஹெல்த் சென்டரு இருக்குது. நர்சம்மா மாசாமாசம் பாக்குறாங்க. அங்கயே பெத்துக்கிறேனே."

"அந்த ஆட்டுக்கொட்டாயிலயா?" என்றேன் நான். (ஹெல்த் சென்டர் வராந்தாவில் ஆடுகள் படுத்திருக்கும். அது ஆட்டின் குற்றம், நர்சம்மாவின் குற்றம் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

இத்தனை ஆட்டத்துக்கும் காரணம் என்னோடு வேலை பார்த்த துரைராஜ். ஒருநாள் டீ குடிக்கும்போது, தன் மச்சினியை ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், கட்டில் காலி இல்லாமல் வராந்தாவிலேயே பிள்ளை பிறந்ததாகவும் சொன்னான். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னான். என் காதில் 'கட்டில் காலி இல்லை' மட்டும் விழுந்தது. எனக்கு ஒரு சித்தி இருந்தாள். நான் டவுசர் போட்ட வயதில் மாட்டு வண்டியில் பிரசவத்துக்குப் போனாள். வண்டி மட்டும் திரும்பி வந்தது. இதை நான் சுலோச்சனாவிடம் சொல்லவில்லை. பிரசவம் அவளுக்கு, பேஜாரு எனக்கு.

ஆகவே ஆஸ்பத்திரி தேடிக் கிளம்பினேன்.

முதலில் திருவள்ளூரில் ஒரு நர்சிங் ஹோம். காத்திருந்தவர்கள் எல்லாரும் பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் வராந்தாவில் கிடந்த கட்டிலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. குனிந்து பார்த்தால் கால் பக்கம் ஒரு நட்டு லூஸ். பையில் ஸ்பேனர் இருந்தது. முறுக்கினேன். (ஃபிட்டர் கைக்கு அது ஒரு அரிப்பு.) பின்னாலிருந்து ஒரு டாக்டரம்மா, "கட்டில் ரிப்பேருக்குச் சொல்லி அனுப்புன ஆளாப்பா? ரொம்ப நல்லது, உள்ள இன்னும் ரெண்டு ஆடுது, வா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்பேனரோடு பின்னாலேயே போனேன். இரண்டையும் முறுக்கிக் கொடுத்துவிட்டு, அவர் கொடுக்கச் சொன்ன காபியையும் குடித்துவிட்டு, பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வீடு திரும்பினேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் சுலோச்சனா.

"கட்டில் ஆடாது" என்றேன்.

அவள் என் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தார்.

அடுத்தது பொன்னேரி பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரி, அங்கே நடந்த கூத்தெல்லாம் என்னுடையது. தோட்டம், சுத்தமான தரை, பினாயில் வாசனை, ஜன்னலோரமாக வரிசையாகக் கட்டில்கள். ஜன்னலோரம் என்றதுமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வாசலில் இருந்த நர்ஸிடம், "எங்களுக்கு ஒரு கட்டிலை இப்பவே எழுதி வச்சுக்குங்க சிஸ்டர்" என்றேன்.

"முன்கூட்டியே எல்லாம் எழுதறது இல்லை. வலி எடுத்ததும் கூட்டிகினு வாங்க. கட்டில் இருந்தா உடனே குடுத்துடுவோம்."

இருந்தா. அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. பட்டறையில் அரத்தை எடுத்தால் 'இருந்தா, இருந்தா' என்றுதான் அது ராவியது.

அந்த நாளும் வந்தது. காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுலோச்சனா இடுப்பில் கை வைத்து, "லேசா சுருக்குனு இருக்குதுங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நான் பொன்னேரிக்கு பஸ்ஸுல முன்னாடி போயி எடம் புடிக்கிறேன். போற வழியில துரைராஜ்கிட்ட சொல்லிடுறேன், அரிசி மில்லு வேனைக் கொண்டாருவான். நீயும் அத்தையும் பின்னாடியே வந்துடுங்க."

"வலி எனக்கு. நீங்க எங்க ஓடுறீங்க?"

"எடம் புடிக்கிறதுக்கு."

"கூட இருக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கூட இருந்தா கட்டிலை யார் புடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பறந்தேன். பிள்ளை பெறப் போகிற மனைவியை விட்டுவிட்டு எதிர்த்திசையில் வேகமாக ஓடிய புருஷன் அந்தத் தாலுக்காவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் வழியிலேயே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே காலிக் கட்டில். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஆஸ்பத்திரி வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை, கைதான் யோசித்தது. துண்டு பறந்தது. கம்பிக்கு நடுவே நுழைந்து, தலையணை மேல் போய் விரித்தாற்போல் விழுந்தது. என் வாழ்க்கையிலேயே அழகான வீச்சு அது. பார்க்க ஒரு பஸ் கண்டக்டர்கூட இல்லை.

சட்டத்தின்படி கட்டில் இப்போது என்னுடையது. ஆனால் உள்ளே இருந்த ஆயாவுக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டுச் சட்டம் தெரியவில்லை. "யாரு துண்டு இது, கழுதை" என்று இரண்டு விரலால் தூக்கினாள். பதறிப்போய், சுற்றி ஓடி, வார்டுக்குள் நுழைந்து, கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டேன். ஆயா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு யாரையோ கூப்பிடப் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் நிறைமாதமாக ஒரு அம்மா. பழவேற்காட்டுப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு எத்தினி மாசம்ணே?"

வார்டு முழுக்கச் சிரித்தது. சிரிக்கக்கூடாத நிலையில் இருந்த ஒருத்தி, "அக்கா, சிரிப்பு காட்டாதே, வலிக்குது" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வராந்தாவில் செருப்புச் சத்தம். "பெரிய சிஸ்டர் வராங்க" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எழுந்து ஓடினால் கட்டில் போய்விடும். இருந்தால் மானம் போய்விடும். மானம் போனால் திரும்ப வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, படுத்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டேன். (இத்தனை வருஷம் ஆகிறது, மானம் இன்னும் திரும்ப வரவில்லை.)

செருப்புச் சத்தம் என் கால்மாட்டில் நின்றது.

"இது எந்தக் கேஸு? எப்ப வந்தது?"

"இப்பத்தான் சிஸ்டர்" என்றார் பழவேற்காட்டு அம்மா, குரலில் துளி சிரிப்பில்லாமல். "ரொம்ப வலி போல. பேச்சே இல்ல."

"ஏம்மா, வலி எவ்வளவு நேரமா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் போர்வையை விலக்கினார்.

மீசை வெளியே வந்தது.

சிஸ்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மீசையைப் பார்த்தபடியே, "யாருப்பா நீ?" என்றார்.

"பேஷண்டோட ஊட்டுக்காரன் சிஸ்டர்."

"பேஷண்ட் எங்க?"

"வந்துகினே இருக்காங்க."

"வலி வந்தவங்க வழியில இருக்காங்க. வலி வராத நீ இங்க இன்னா பண்ற?"

"துண்டு போட்டிருக்கேன் சிஸ்டர்."

"இது இன்னா பஸ்ஸா?"

வார்டு இந்தத் தடவை அடக்கிக்கொள்ளவே இல்லை. எழுந்து உட்கார்ந்தேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நாங்க வர்ற நேரத்துல கட்டில் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டீங்கன்னா? எங்க சித்தி அப்படிப் போனவங்கதான் சிஸ்டர், திரும்பி வரலை."

சிரிப்பு நின்றது. பழவேற்காட்டு அம்மா தலையணைக்கடியிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். சிஸ்டர் போர்வையை மடித்தபடி, "கட்டில் இல்லைன்னு இங்கேர்ந்து யாரையும் திருப்பி அனுப்புனது கிடையாது. பாயைப் போட்டாவது பாப்போம். நீ எறங்கு மொதல்ல" என்றார்.

இறங்கலாமா என்று யோசிக்கவே நேரமில்லாமல் போனது. வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இருபுறமும் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கால் தானாகத் தரையில் இறங்கியது. நானே ஒரு பக்கம் பிடித்து அவளை அந்தக் கட்டிலில் உட்கார வைத்தேன். அப்புறம் ஆயா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது.

தோட்டத்து வேப்பமரத்தடியில் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேன் வரவில்லை. வெயில் ஏறியது. சித்தியின் மாட்டு வண்டி வந்து கண்ணுக்குள் நின்றது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. ஆயா வெளியே எட்டிப் பார்த்து, "உன் கட்டில்ல ஆம்பளப் புள்ள" என்றாள். "அவசரத்துக்கு உன் துண்டுலதான் தொடச்சோம். கோச்சுக்காதே."

நான் பிடித்த இடத்தில், என் துண்டில், முன்பின் தெரியாத ஒருவருடைய பிள்ளை. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் தலையாட்டினேன்.

சாயங்காலம் மில் வேன் வந்தது. ஓட்டுபவன் பக்கத்தில் துரைராஜ். பின்னால் யாரும் இல்லை. காலி வேனைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா ஆச்சு?"

"நான் வேனோட போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுடா."

"முடிஞ்சுபோச்சுன்னா?"

"பொண்ணுடா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உன் ஊட்டுக்காரி உன்னைத்தான் கேட்டுகினு இருக்குது. நீ எதுக்குப் போனேன்னு அதுக்கே புரியலையாம்."

அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேனா, முடிந்துபோச்சு என்று சொன்னதற்காக அடித்தேனா என்று ஞாபகமில்லை. இரண்டும்தான் என்கிறான் துரைராஜ்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் போக்கிடம் இல்லை. மாமியார் தடாவிலிருந்து யாரை அழைத்து வந்தாலும், "எங்க மாப்புள. பிரசவத்துக்குப் படுத்தவரு" என்றுதான் அறிமுகம் செய்கிறார். போன மாதம் அதே பெண்ணின் கல்யாணத்தில் முதல் பந்திக்கு நான் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டேன். மணப்பெண் மேடையிலிருந்தே, "நைனா, எலையில துண்டு போட்டாச்சா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் விவரம் கேட்க, அவர்களுக்கும் முழுக் கதை சொல்லப்பட்டது. சொன்னவள் சுலோச்சனா. நான் விட்டுவிடுகிற இடங்களையெல்லாம் அவள் விடுவதில்லை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். நான் பஸ் ஏறிப்போன கொஞ்ச நேரத்தில் சுலோச்சனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து போனாள். வராந்தாவில் படுத்திருந்த ஆட்டை மாமியார் விரட்டினார். மத்தியானத்துக்குள் நர்சம்மா கையில் பெண் பிறந்தது. அந்த ஹெல்த் சென்டரில் இரண்டு கட்டில்கள் இருந்தன. இரண்டுமே காலி.